பிள்ளைகளே கட்டும் பாடம்
கனடாவின் டொரொண்டோ நகரில் மார்லீன் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களிலேயே ஆசிரியர்களோடு கைகோத்து ஒரு மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் தங்கள் சந்தேகத்தையும் ஊகத்தையும் அதில் எழுதுவார்கள். 'என் விளக்கம் இது', 'எனக்குப் புரிய வேண்டியது இது' என்று தொடங்க வாசகங்கள் தயாராக இருக்கும். இன்னொரு பிள்ளை அதைத் தொட்டு மேலே எழுதும். ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒளியைப் பற்றி இப்படித்தான் மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள்.

தவறான ஊகத்தை ஆசிரியர் உடனே அடித்துத் திருத்துவதில்லை. சோதனை செய்து, புத்தகம் புரட்டி, பிள்ளைகளே மேலான விளக்கத்துக்கு வருவார்கள். பத்து வயதுப் பிள்ளையின் யோசனைக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு நிறைகிறது. பிள்ளைகள் மென்பொருளில் எழுதிய குறிப்புகளை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து படித்து அடுத்த வகுப்பைத் திட்டமிட்டார்கள்.