எந்த எண்ணெய், எத்தனை கிராம்?

(குறுவளமையக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

அறிவியல் ஆசிரியர்களோடு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். அதனால் சமன்பாட்டைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். முதலில் தராசைப் பற்றிப் பேசுவோம்.

பத்தாம் வகுப்பில் கார்பன் சேர்மங்கள் பாடத்தில் சோப்பு வருகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பும் கிளிசராலும் கிடைக்கும் என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதுவோம். சென்ற ஆண்டு அந்த வரியை எழுதி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்கம்மா வீட்டுல சோப்பு செஞ்சாங்க. போட்டா கையெல்லாம் எரியுது. ஏன் டீச்சர்?"

மாலையில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர். குழுவுக்கு ஒருநாள் பயிற்சி நடந்திருக்கிறது. கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள்: எண்ணெய் 1 லிட்டர், காஸ்டிக் சோடா 165 கிராம், தண்ணீர் 350 மில்லி. பயிற்சியில் தேங்காய் எண்ணெயில் செய்து காட்டியிருக்கிறார்கள். வீட்டில் இவர் ரேஷன் கடைப் பாமாயிலில் செய்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தாளில் எந்த எண்ணெய் என்று ஒரு சொல் இல்லை. 2 லிட்டரில் செய்த கட்டிகளில் நான்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டன. அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. "முதல்ல அந்த நாலையும் வாங்கிட்டு வந்துடுங்க. மீதியையும் யாருக்கும் குடுக்காதீங்க, தூக்கியும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு அப்போது சோப்பின் வேதியியல் தெரியும். சோப்பு செய்யத் தெரியாது. கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அட்டவணை. ஒவ்வொரு எண்ணெயும் முழுதாகச் சோப்பாக மாற எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்பதற்குத் தனித்தனி எண் இருக்கிறது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.183 கிராம். பாமாயிலுக்கு 0.142. கடலை எண்ணெய்க்கு 0.136. விளக்கெண்ணெய்க்கு 0.128.

இதை வைத்து அந்தத் தாளைப் பாருங்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம். அதை 0.183-ஆல் பெருக்கினால் 168. தாளில் இருந்த 165 சரிதான். ஒரு லிட்டர் பாமாயில் சுமார் 910 கிராம், 0.142-ஆல் பெருக்கினால் 129. ஆக, லிட்டருக்கு 36 கிராம் காஸ்டிக் சோடா வினைபுரிய எண்ணெய் கிடைக்காமல் கட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. எரிந்தது அதுதான்.

அந்தக் காலத்தில் அட்டவணையா வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். கொழுப்புகளின் அமைப்பைப் பற்றிய ஆய்வைப் பிரான்ஸின் செவ்ரல் நூலாக வெளியிட்டது 1823-இல்தான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே சோப்பு காய்ச்சினார்கள். அவர்கள் காய்ச்சிய பிறகு உப்பு நீர் சேர்ப்பார்கள். சோப்பு மேலே திரண்டு மிதக்கும். மிஞ்சிய காரமும் கிளிசராலும் கீழே உப்பு நீரோடு போய்விடும். வீட்டில் நாம் செய்வது காய்ச்சாத முறை. இதில் வெளியேற வழியே கிடையாது. போட்டதெல்லாம் கட்டிக்குள் இருக்கும். அதனால்தான் தராசு இல்லாமல் இதைத் தொடக்கூடாது என்கிறேன். டம்ளர் கணக்கு, கரண்டிக் கணக்கு எல்லாம் சாம்பாருக்குச் சரி.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசு ஒன்று வாங்கினேன். முதல் முறை 500 கிராம் தேங்காய் எண்ணெய் எடுத்தேன். கணக்குப்படி 91.5 கிராம் காரம். அதில் 5 விழுக்காடு குறைத்து 87 கிராம் போட்டேன். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சட்டும், காரம் மிஞ்ச வேண்டாம் என்பதற்காக இந்தக் குறைப்பு. தண்ணீர் 180 கிராம். அதையும் எடைதான் போட்டேன்.

காஸ்டிக் சோடாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீரில்தான் அதைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அடுப்பே இல்லாமல் கரைசல் 80 டிகிரியைத் தாண்டிச் சுடும், மூக்கைத் துளைக்கும் ஆவி வரும். வெட்டவெளியில் செய்யுங்கள். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. அலுமினியம் ஆகவே ஆகாது. காரம் அதை அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கண்ணாடி டம்ளரும் வேண்டாம், சூட்டில் விரிசல் விடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் கையுறையும் கட்டாயம். தோலில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடி ஓடாதீர்கள். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கரைசல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். கையால் கலக்கினால் அரைமணிக்கு மேலும் ஆகலாம். முதலில் எதுவுமே நடக்காதது போலிருக்கும். பிறகு கலங்கும், கஞ்சி போலக் கெட்டியாகும். கரண்டியிலிருந்து சொட்டினால் மேலே ஒரு கோடு மறையாமல் நிற்கும். அந்தக் கோடு வந்ததும் அச்சில் ஊற்றிவிடலாம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பை அன்றே வெட்டிவிட வேண்டும். ஓரிரு நாள் விட்டால் கல்லாகிவிடும், கத்தி வைத்தால் பொடியும். பிறகு காற்றோட்டமான இடத்தில் 4 வாரமாவது காய வேண்டும். இந்த 4 வாரம்தான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பேன், வீட்டில் சிரித்தார்கள்.

சரி, வகுப்பறைக்கு வருவோம். காஸ்டிக் சோடாவைப் பிள்ளைகள் கையில் நான் கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்பானாலும் சரி. செயல்வழிக் கற்றல் என்று சொல்லி அதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதை நான் கரைக்கிறேன். அவர்கள் தள்ளி நின்று பார்க்கிறார்கள். ஆனால் கணக்கு முழுவதும் அவர்களுடையது. எண்ணெயை எடை போடுவது, எண்ணால் பெருக்குவது, 5 விழுக்காடு கழிப்பது. இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் போட்ட கணக்கு ஒத்துவந்தால்தான் பொட்டலத்தைப் பிரிப்பேன். ஒருமுறை ஒரு குழு லிட்டரையும் கிலோவையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டது. அடுத்த குழு அதைக் கண்டுபிடித்தது. அந்த ஒரு பாடவேளையில் அடர்த்தி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று.

தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஏன் அதிகக் காரம் என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வந்தது. மோல் கணக்கு தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கேயே விடை இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். பாமாயிலில் 16, 18 கார்பன் கொண்டவை. எந்தக் கொழுப்பானாலும் ஒரு மோலுக்கு வேண்டியது 3 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது 120 கிராம். லாரிக் அமிலக் கொழுப்பின் மோலார் நிறை 638. 120-ஐ 638-ஆல் வகுத்தால் 0.188. பாமிட்டிக் அமிலக் கொழுப்பின் நிறை 806, வகுத்தால் 0.149. அட்டவணை எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். மீதி வித்தியாசம் எண்ணெய் ஒரு கலவை என்பதால். மூலக்கூறு சிறியதானால் ஒரு கிராமில் எண்ணிக்கை அதிகம், காரமும் அதிகம். அவ்வளவுதான்.

சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். சிவப்பு லிட்மஸ் தாள் நல்ல சோப்பிலும் நீலமாகும், எரிக்கிற சோப்பிலும் நீலமாகும். சோப்பே காரத்தன்மை கொண்டதுதான். pH தாள் வேண்டும். நல்ல சோப்பு 9, 10 காட்டும். அந்த அம்மாவின் கட்டியைக் கரைத்துப் பார்த்தபோது 12-ஐத் தாண்டியது. அது யார் வீட்டுச் சோப்பு என்று வகுப்பில் சொல்லவில்லை. 'மாதிரி 2' என்று மட்டும் எழுதினேன். சிலர் நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பள்ளியில் அது வேண்டவே வேண்டாம்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் காரத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. செய்து முடித்து நன்றாகக் காய்ந்த சோப்பு, சீயக்காய்த் தூள், பூந்திக்கொட்டை மூன்றையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் மழைநீரிலும் கலக்கி, எது நுரைக்கிறது என்று பார்க்கச் சொன்னால் போதும். கடின நீரில் சோப்பு திரிதிரியாய்த் திரிவதைப் பிள்ளைகளே காட்டுவார்கள்.

அந்த 2 லிட்டர் சோப்பு என்னாயிற்று என்று சொல்ல வேண்டுமல்லவா? லிட்டருக்கு 36 கிராம் மிஞ்சிய காரத்துக்குச் சுமார் 250 கிராம் பாமாயில் வேண்டும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று 300 வைத்தோம். கையுறை போட்டுக் கட்டிகளைத் துருவி, சிறிது தண்ணீர் விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, எண்ணெயைச் சேர்த்து இரண்டு மணி நேரம் கிளறினோம். பார்வைக்கு அழகாக வரவில்லை, மேடும் பள்ளமுமாக இருந்தது. 4 வாரம் காய்ந்த பின் pH தாள் 10-க்கு அருகில் நின்றது. "தாளை நானே பாக்கறேன் டீச்சர்" என்று அந்த அம்மா கையில் வாங்கி நிறத்தைப் பொருத்திப் பார்த்தார். குழுவின் தாளில் இப்போது எண்ணெய்க்கு நேரே பெயரும், லிட்டருக்குப் பதில் கிராமும் இருக்கின்றன. அதை எழுதியது அவருடைய மகள்.

தராசும் அட்டவணையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய் எது என்று சொல்லுங்கள், தேநீர் வருவதற்குள் கணக்குப் போட்டுவிடலாம்.