ஈறு தடித்து வளர்தல்: காரணமும் சிகிச்சையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பாசனத்துக்கும் குடிநீருக்கும் வழி காணக் கூடியுள்ள உங்களிடையே பல் ஈறைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருப்பது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஈறைப் பற்றிய அறியாமை ஓர் உயிரையே ஆபத்தில் நிறுத்தியதை நான் அறிவேன். அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

பதினேழு வயது இளைஞன் ஒருவனை அவன் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். அவன் கால்-கை வலிப்புக்காக ஈராண்டுகள் பெனிட்டாயின் மாத்திரை உட்கொண்டவன். மாத்திரையால் வலிப்பு அறவே நின்றிருந்தது. ஆனால் முன்பற்களின் இடையே ஈறு சிறு மணிகளைப் போலப் பருத்து, நாளடைவில் பல்லில் பாதியை மூடிவிட்டது. பள்ளியில் பிள்ளைகள் நகைத்தனர். 'எல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை' என்று அயலார் கூறவே, வீட்டார் அதனைத் திடீரென நிறுத்திவிட்டனர். நான்காம் நாள் கிணற்று மேட்டில் நின்றிருந்தபோது வலிப்புக் கண்டது. அருகிலிருந்தவர் பற்றி இழுத்ததால் பையன் பிழைத்தான்.

அயலார் கூறியது பொய்யன்று. பெனிட்டாயின் 1938இல் வலிப்புக்கு மருந்தாக வந்தது. அதனால் ஈறு வளர்வதை மருத்துவர்கள் 1939இலேயே எழுதிவிட்டனர். ஆனால் காரணத்தை அறிவது வேறு. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது வேறு. வலிப்பு மருந்தை ஒரேயடியாக விட்டால், ஓயாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிரைக் குடிக்கவும் கூடும்.

ஈறு வளரச் செய்யும் மருந்துகள் முக்கியமாக மூவகை. ஒன்று, இப்போது கூறிய வலிப்பு மருந்து. இரண்டாவது, ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் நிபிடிப்பின், அம்லோடிப்பின் போன்றவை. இவற்றுள் நிபிடிப்பினால் ஈறு வளர்வது அதிகம், அம்லோடிப்பினால் குறைவு. மூன்றாவது, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின். நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்ட பின்னர் ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. ஆதலின் இச்செய்தி எந்தக் கிராமத்துக்கும் அயலானதன்று.

இம்மருந்து உட்கொள்ளும் அனைவருக்கும் ஈறு வளர்வதில்லை. வளர்வோருக்குப் பெரும்பாலும் முதல் சில மாதங்களில், முன்பற்களின் இடையில் தொடங்கும். ஈறிலுள்ள நார்ச்சதை கரைய வேண்டிய அளவுக்குக் கரையாமல் சேர்ந்துவிடுவதே அதன் அடிப்படை. பல்லைச் சுற்றி அழுக்கும் காறையும் படிந்திருந்தால் வளர்ச்சி மிகும். வளர்ந்த ஈறு அழுக்கை மறைக்கும். மறைந்த அழுக்கு ஈறை மேலும் வளர்க்கும். களை மண்டிய வாய்க்காலில் வண்டல் தேங்குவதும், அந்த வண்டலில் களை மேலும் தழைப்பதும் நீங்கள் கண்டதுதானே!

மருந்தின்றியும் ஈறு பருக்கலாம். பருவ வயதிலும் கருவுற்ற காலத்திலும் உடற்சுரப்புகளின் மாறுதலால் ஈறு சிவந்து வீங்கும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தணிந்துவிடும். வாயால் மூச்சு விடுவோருக்கு முன் ஈறு தடிக்கும். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். ஒன்றை மட்டும் அசட்டை செய்யலாகாது: சில வாரங்களுக்குள் ஈறு விரைந்து வீங்கி, ரத்தம் கசிந்து, உடல் வெளிறிக் காய்ச்சலும் இருந்தால், அது ரத்தப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனை சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இனி சிகிச்சை. முதற்படி தூய்மை. மென்மையான தூரிகையால் காலை, இரவு இருவேளையும் ஈறோரமாகத் துலக்க வேண்டும். செங்கற்பொடியும் கரியும் ஈறைத் தேய்த்துப் புண்ணாக்கும். கடினமாகிவிட்ட காறை தூரிகைக்கு அசையாது. பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும். அதனால் பல் ஆடிவிடும் என்பது வீண் அச்சம். இவ்வளவில் பலருக்கு வீக்கம் நன்கு குறைந்துவிடும்.

இரண்டாம் படி மருந்தை மாற்றுதல். இது மருந்து எழுதிய மருத்துவரின் பொறுப்பு. நோயாளியின் பொறுப்பன்று, பல் மருத்துவரின் பொறுப்பும் அன்று. மாற்றத்தக்க மருந்து இருந்தால் அவர் படிப்படியாக மாற்றுவார். அதன்பின் ஈறு சுருங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்.

மூன்றாம் படி அறுவை. உணவு மெல்லவோ, பல் துலக்கவோ இயலாதபடி ஈறு மூடியிருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு மிகுந்த சதையை அகற்றுவர். கத்தியாலும் செய்யலாம், லேசர் ஒளியாலும் செய்யலாம். ஆனால் அதே மருந்து தொடர்ந்து, துலக்குவதிலும் அசட்டை இருந்தால் ஈறு மறுபடியும் வளரும். வீட்டில் ஊசியால் குத்துவதும் பிளேடால் கீறுவதும் பெருந்தீங்கு.

அந்த இளைஞனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாத்திரை அன்றே மீண்டும் தொடங்கப்பட்டது. காறையை அகற்றினோம். பின்னர் அவனுடைய நரம்பு மருத்துவர் மருந்தைச் சிறிது சிறிதாக மாற்றினார். எஞ்சிய சதையை மட்டும் நான் அறுத்து எடுத்தேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான், சிரித்துக்கொண்டே வருகிறான்.

உறுப்பினர்களே! உங்கள் கிராமத்தில் வலிப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்போர் யாரென்று கிராமச் சுகாதாரச் செவிலியர் அறிவார். அவர்களுடைய ஈறையும் பார்த்து, வேண்டியவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புமாறு அவரிடம் கூறுங்கள். அடுத்த கிராம சபையில் இரண்டே சொற்றொடர்களைச் சொல்லுங்கள்: 'ஈறு வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டுக. மாத்திரையைத் தாமாக நிறுத்தற்க.' இதற்குச் செலவு ஏதுமில்லை, காப்பாற்றப்படுவது உயிர்.