கல்வி தானமும் ஒரு மடிக்கணினியும்

(நமது அறநிலையத்தின் ஆண்டு விழாவில், மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர்களுக்கு உதவிப் பொருள் வழங்கிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கோயில் விழாவில் மடிக்கணினியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் பழங்கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1936-37இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதை அகழ்ந்தார். 1959-60இல் அதன் கற்களை அடுக்கி மீண்டும் எழுப்பினார்கள். அந்தக் கோயிலின் அடித்தளத்தில் சிறிய கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுக்குள் மணிகளும் உலோகத் துண்டுகளும் இருந்தன. அந்நாளில் கடாரத்தில் கோயில் எழுப்பியவர்கள், விலையுயர்ந்த பொருளை யார் கண்ணுக்கும் தெரியாத அடியில் வைத்துவிட்டுத்தான் மேலே கட்டினார்கள். கொடைக்கும் அதுவே இலக்கணம் என்று நான் கருதுகிறேன். மேலே தெரியும் பளபளப்பைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

இதை நான் ஒரு தவற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். அந்தத் தவறு என்னுடையது. அதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத்தில் வளர்ந்த ஒரு மாணவிக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. தந்தையார் இல்லை, தாயார் துப்புரவு வேலை செய்து காப்பாற்றிய பிள்ளை. நம் அறநிலையம் அவருக்கு மடிக்கணினி வாங்கித் தர முடிவு செய்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது. நான் ஒரு கடைக்குச் சென்றேன். பார்க்க அழகாக, மெல்லியதாக இருந்த ஒன்றை 1,500 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பணத்தை மிச்சப்படுத்திவிட்டேன் என்று குழுக் கூட்டத்தில் பெருமையும் பட்டுக்கொண்டேன். மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் சிறப்பாக நடந்தன.

அதன் நினைவகம் 4 கிகாபைட். சேமிப்பகம் 64 கிகாபைட். இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் அந்தச் சேமிப்பகத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. பாட விரிவுரைக் காணொளியைத் திறந்தால் குறிப்பு எழுதும் பக்கம் உறைந்து நிற்கும். நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்ததால் பின்னர் கூட்டவும் வழியில்லை. இரண்டாம் ஆண்டு முடியும்போது அது அடியோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை அறைத்தோழி உறங்கிய பிறகு அவருடைய கணினியை இரவல் வாங்கி, விடியும்வரை கையால் குறிப்பெழுதிப் படித்திருக்கிறார்.

இவ்வளவும் நடந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த தாயார் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "ஐயா, நான் சொன்னேன்னு பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க. சாமி காசுல வாங்கிக் கொடுத்தத குறை சொன்னா பாவம்னு சொல்லுது."

அன்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியவன் கடைக்காரனிடம் சண்டை போடுவான். தானமாகப் பெற்றவர் வாய் திறக்க மாட்டார். ஆகவே அவருக்காகக் குறை காண வேண்டியவர்கள் நாம்தான், அதுவும் வாங்குவதற்கு முன்பே.

கணக்கையும் பாருங்கள். 1,500 ரிங்கிட் கணினி 24 மாதம் உழைத்தது. மாதத்துக்கு 62 ரிங்கிட் 50 காசு. 3,000 ரிங்கிட்டுக்கு வாங்கியது மருத்துவப் படிப்பின் ஐந்தாண்டும் உழைத்தால் மாதத்துக்கு 50 ரிங்கிட். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது உண்மையில் நட்டம்.

அதன் பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றதைப் பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில், மருத்துவ மாணவருக்குக் கணினி எதற்கு? விரிவுரைக் குறிப்புகள், காணொளிகள், உடற்கூற்றுப் படங்கள், திசுக்களின் நுண்படங்கள், வினாவங்கி, அறிக்கை எழுதுதல், இணையவழித் தேர்வு. இவற்றுக்கு விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் கனத்த கணினி தேவையில்லை. அது எடை கூடியது. மின்கலத்தையும் விரைவில் தீர்த்துவிடும். காலையில் விரிவுரை மண்டபம், மாலையில் நூலகம் என்று சுமந்து திரியும் பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ அளவிலான 14 அங்குலக் கணினி ஏற்றது.

இரண்டாவது, உள்ளே இருக்க வேண்டியவை. நினைவகம் 16 கிகாபைட் இருந்தால் ஐந்தாண்டுக்குக் கவலையில்லை. 8 என்பது கீழ் வரம்பு. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையில் 512 கிகாபைட். கோர் ஐ5 அல்லது ரைசன் 5 தரத்துச் செயலி போதும். மணிக்கணக்கில் வாசிக்கும் கண்களுக்குத் தெளிவான திரையும், எழுதும் விரல்களுக்கு நல்ல விசைப்பலகையும் வேண்டும். இவற்றைக் கடையில் தொட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

மூன்றாவது, கல்லூரியைக் கேளுங்கள். தேர்வு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுமா, மேக்கிலும் ஓடுமா என்று தெரியாமல் வாங்காதீர்கள். குரோம்புக் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் மென்பொருளை அதில் அப்படியே நிறுவ முடியாது. கையடக்கத் தட்டை குறிப்பெழுத உதவும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மடிக்கணினியே முதலில்.

நான்காவது, உத்தரவாதம். மூன்றாண்டு உத்தரவாதம் கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் பெறுங்கள். பழுதுபார்க்கும் நிலையம் சுங்கைப் பட்டாணியிலா, பினாங்கிலா, கோலாலம்பூரிலா என்று கேளுங்கள். தேர்வுக் காலத்தில் அந்தத் தூரம்தான் பிள்ளையின் தலைவிதி. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரி கட்டும் பெற்றோர், பிள்ளைக்கு வாங்கிய கணினியை ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிக் கழிவில் காட்டலாம்.

ஐந்தாவது, வசதி குறைவென்றால் பழைய கணினி வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட திங்க்பேட், லாட்டிடியூட், எலிட்புக் போன்ற வரிசைகள் உறுதியானவை. பல மாதிரிகளில் மின்கலத்தையும் உதிரிப் பாகங்களையும் எளிதில் மாற்றலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆகவே முறைப்படி விண்டோஸ் 11 ஏற்கும் கணினிதானா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இரண்டு சொல். எவ்வளவு நல்ல கணினியும் ஒருநாள் நிற்கும். குறிப்புகளின் ஒரு நகலை வெளிச் சேமிப்பகத்திலும் இன்னொன்றை இணையத்திலும் வைத்திருங்கள். நம் கெடா மாநிலத்து இடி மழை உங்களுக்குத் தெரியும். மின்னும்போது செருகியைக் கழற்றிவிடுங்கள். அதைவிட முக்கியமானது நோயாளியின் மானம். மருத்துவமனைக்குப் பயிற்சிக்குச் செல்லும்போது நோயாளியின் பெயரையோ படத்தையோ சொந்தக் கணினியில் ஏற்றாதீர்கள். கடவுச்சொல்லும் மறையாக்கமும் இல்லாத கணினி பூட்டில்லாத மருந்து அலமாரிக்குச் சமம்.

நன்கொடையாளப் பெருமக்களே, 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்பு கிடைக்காமல் மரத்தின்மேல் தங்கித் தேர்வெழுதிய செய்தியை நாமெல்லாரும் படித்தோம். கருவி இல்லாத பிள்ளை எவ்வளவு உயரம் ஏற வேண்டியிருக்கிறது! நமக்கு அருகிலேயே செமிலிங்கில், 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் மருத்துவம் கற்பிக்கிறது. ரப்பர் மரத்தடியில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வெள்ளை அங்கி அணிகிறார்கள். அவர்களுக்குத் தருவது பயன்படும் பொருளாக இருக்கட்டும்.

ஆகவே குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பத்துப் பேருக்கு மலிவானதைத் தருவதைவிட, ஐவருக்கு உழைக்கக்கூடியதைத் தருவோம். மற்ற ஐவருக்காக இன்னும் சில கதவுகளைத் தட்டுவோம். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சிறு தொகையைப் பழுதுபார்க்கும் நிதியாக ஒதுக்குவோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை நாமே அழைத்து, "கணினி எப்படி இருக்கிறதம்மா?" என்று கேட்போம். அவராகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்த மாணவிக்குப் பிறகு நல்லதொரு கணினி வாங்கிக் கொடுத்தோம். அந்த முறை மாலை இல்லை, புகைப்படம் இல்லை. பெற்றுக்கொண்ட பிள்ளை கண்ணீரோடு, "மன்னிச்சிருங்க ஐயா, முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அன்று அவரிடம் கேட்டேன். இன்று உங்கள் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

கல்வி தானத்தில் நம் கை சுருங்காமலும் கண் மயங்காமலும் இருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.