பாசி காட்டும் எல்லை

கல்லடிப் பாலத்தில் நின்று மாலைப்பொழுதில் வாவியை நோக்குவோர் பலர். மீன் பாடும் தேன்நாடென்று பெருமை பேசும் நாம், அவ்வாவியின் தோற்றத்தை எங்கேனும் பதிந்து வைத்திருக்கின்றோமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் இத்தாலி நாட்டு வெனிஸ் நகர ஓவியர் ஒருவர்.

கனலெற்றோ என வழங்கப்பெற்ற அவர் 1697 இற் பிறந்து 1768 இல் மறைந்தார். தந்தையார் நாடகமேடைத் திரை எழுதியவர். வெனிசிலே தெருவென்பது பெரும்பாலும் நீர்வழியே. அக்கால்வாய்களையும் கரை மாளிகைகளையும் கனலெற்றோ நுணுக்கமாகத் தீட்டினார்; யாத்திரை வந்த ஆங்கிலச் செல்வர் அவற்றை விரும்பி வாங்கினர். யோசப் சிமித் என்னும் ஆங்கிலேயர் திரட்டியவற்றை 1762 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் விலைக்குப் பெற்றார். வில்லை பொருத்திய இருட்பெட்டியில் விழும் பிம்பத்தைப் பின்பற்றி அவர் வரைந்தார் என்பர். சிலர் இதனைக் குறையாகக் கூறுவதுண்டு. அடிமட்டம் வைத்துக் கோடிழுப்பவனைக் கள்ளன் என்போமா?

மாளிகைச் சுவரடியிற் பச்சைப் பாசி படர்ந்த எல்லையையும் அவர் விடாது தீட்டினார். உயர்நீர் எட்டும் மட்டத்தைக் காட்டுவது அவ்வெல்லை. வெனிசின் நீர்மட்டத்தைக் கருவியால் ஒழுங்காக அளக்கத் தொடங்கியதோ 1872 இலேதான். 2003 இல் இத்தாலிய அறிஞர் ஓவியத்துப் பாசியையும் இன்றைய சுவர்ப் பாசியையும் ஒப்பிட்டு, நகரம் ஏறத்தாழ 60 சென்றிமீற்றர் நீரில் அமிழ்ந்துள்ளதெனக் கணித்து வெளியிட்டனர். நிலமும் தாழ்ந்தது, கடலும் உயர்ந்தது.

நம் வாவிக்கு என்ன உண்டு? போர்த்துக்கேயர் 1628 இற் கட்டி, ஒல்லாந்தர் 1638 இற் கைப்பற்றிய புளியந்தீவுக் கோட்டையைப் பல்தேயஸ் பாதிரியாரின் 1672 ஆம் ஆண்டு நூலிற் காணலாம். ஆனால் கோட்டையே அப்படத்தின் பொருள். கரையூர் மக்களின் வாழ்வன்று.

2004 மார்கழி 26 இல் ஆழிப்பேரலை நாவலடியைத் துடைத்துச் சென்றது. பின்னொருநாள் அங்கே முதியவர் ஒருவர், தம் வீடு எங்கே, கிணறு எங்கே என்று மணலில் விரலாற் கோடிட்டுக் காட்டினார். அருகில் நின்றவர், கிணறு இன்னும் வடக்கே என்றார். தீர்த்துச் சொல்ல ஓர் ஓவியமும் இல்லை.

இப்போது எமது பாடசாலைச் சித்திர வகுப்பு மாதமொருமுறை வாவிக்கரையில் நடைபெறுகின்றது. அழகுபடுத்த வேண்டாம், துறையில் நீர் எத்தனையாவது படியைத் தொடுகின்றதென்று பார்த்து வரைந்து, நாளையும் குறியுங்கள் என்று சொல்லியிருக்கின்றேன். முகத்துவாரம் திறக்கும் காலத்தில் நீர் வடியுமாதலால் நாள் முக்கியம். சென்றமுறை பாதிப் படங்களில் மூன்றாம் படி. மீதியில் நான்காம் படி. எல்லோரையும் இறங்கி மறுபடி எண்ணச் செய்தேன்.