கல்லூரியில் ஓர் அணு உலை



அணு உலை என்றவுடன் கடற்கரையில் ஓங்கி நிற்கும் மின் நிலையமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அமெரிக்காவிலோ வகுப்பறைகளுக்கு அருகிலேயே சிற்றுலைகள் பல இயங்கி வருகின்றன. அவற்றுள் முதலாவது 1953-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலக் கல்லூரியில் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 10 கிலோவாட்.

அடுத்த ஆண்டில்தான் இத்தகைய உலைகளுக்கு உரிமம் வழங்கும் சட்டம் அந்நாட்டில் பிறந்தது. அச்சட்டத்தில் வியப்பான பிரிவு ஒன்று உண்டு. மக்களின் உடல்நலத்தையும் நாட்டின் பாதுகாப்பையும் காப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ அந்தக் குறைந்த அளவையே ஆராய்ச்சி உலைகளுக்கு விதிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆராய்ச்சி தழைக்க வேண்டும் என்பதே நோக்கம். அரசாங்க விதிகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் எனக்கு, அதிகாரம் தன் கையைத் தானே சுருக்கிக்கொள்ளும் வாசகம் அரிதாகவே எதிர்ப்படுகிறது.

ஆயினும் அந்தக் குறைந்த அளவும் சிறியதன்று. ஆரிகன் மாநிலத்து ரீட் கல்லூரியில் 250 கிலோவாட் உலையை இளங்கலை மாணவர்களே இயக்குகின்றனர். பேராசிரியரின் சான்று மட்டும் அதற்குப் போதாது. அணு ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறி, ஒவ்வொரு மாணவரும் தம் பெயரிலேயே உரிமம் பெற வேண்டும். இவ்வாணையம் 1975-இல் செயற்படத் தொடங்கியது. அதற்குமுன், அணுசக்தியை வளர்த்த நிறுவனமே அதனைக் கண்காணித்தும் வந்தது. வளர்ப்பவரும் தணிக்கை செய்பவரும் ஒருவராகவே இருந்தால் கணக்கு எப்படி நேராகும்?

எரிபொருள் பற்றிய கவலை தனி. பல கல்லூரி உலைகளில் ஆயுதத்திற்கும் பயன்படக்கூடிய உயர்செறிவு யுரேனியம் இருந்தது. ஏற்ற எரிபொருளும் அரசின் பண உதவியும் கிடைக்கும்பொழுது, செறிவு 20 விழுக்காட்டுக்குக் குறைந்த யுரேனியத்திற்கு மாற வேண்டும் என்று 1986-இல் ஆணையம் விதித்தது. பெரும்பாலான உலைகள் மாறிவிட்டன.

2024 வரை உரிமம் காலவரையறைக்கு உட்பட்டிருந்தது. புதுப்பிக்கும்பொழுது பொதுமக்களும் எதிர்வாதம் செய்ய முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உலைக்கு அவ்வாறே எதிர்ப்பு எழுந்தது. குடிமக்கள் அமைப்பு ஒன்று பல ஆண்டுகள் வாதாடிய பின்னர், 1984-இல் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பத்தைக் கைவிட்டது. உலையை நிறுத்தியதோடு உரிமம் முடிந்துவிடுவதில்லை. எரிபொருளை அகற்றி, உலையைப் பிரித்து, எஞ்சிய கதிரியக்கத்தை அளந்து காட்டும் வரையில் பொறுப்பு உரிமதாரருடையதே.

இந்தக் கடைசி விதியின் அருமையைத் தில்லி நேயர்கள் நன்கு அறிவார்கள். நம் நாட்டிலும் கதிரியக்கப் பொருள்களுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-லேயே அமைந்துவிட்டது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் இருந்த கோபால்ட்-60 கருவி ஒன்று 1985 முதல் பயன்படாமல் கிடந்தது. அது உலை அன்று, ஆராய்ச்சிக் கருவிதான். 2010-இல் அதனைப் பழைய சாமான்களோடு ஏலத்தில் விற்றுவிட்டார்கள். மாயாபுரிக் காயலான் கடையில் அதனை உடைத்தவர்கள் உள்ளே இருந்தது இன்னதென்று அறியமாட்டார்கள். பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒருவர் இறந்தார்.