குருதி வாங்குவோர் கடன்



கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டியது ஒன்று; செய்தே தீரவேண்டிய கடமை மற்றொன்று. நோயாளியின் உடலிலிருந்து ஆய்வுக்காகக் குருதி எடுக்கும் தொழிலில் இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து பொருந்துகின்றன. எடுத்தவர் கடனாளியாகிறார், அக்கடனைத் தீர்ப்பதே அவருடைய கடமையுமாகிறது. இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

மருத்துவன் அல்லாத பள்ளி அதிபன் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட மலைகளில் அமைந்த எங்கள் பூனாகலையில் எழுத்து வடிவில் வரும் எதுவும் முதலில் ஆசிரியரைத் தேடியே வருகிறது. ஆய்வுகூடம் தரும் துண்டும் அவ்வாறே வரும். மடித்த தாளைத் தாய் ஒருத்தி நீட்டி, "ஐயா, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்கிறாள். அது அவளுடைய குருதியைப் பற்றிய செய்தி. அதனை முதலில் அறியவேண்டியவள் அவள். விளக்கவேண்டியவர் அவளுக்கு வைத்தியம் பார்ப்பவர். இருவருக்கும் இடையே மூன்றாமவனாகிய ஆசிரியன் வந்து நிற்கிறான் என்றால், எங்கோ ஒரு கடன் தீர்க்கப்படாமல் கிடக்கிறது என்பதே பொருள்.

முதலாவது கடன், யாருடைய குருதி என்பதை ஐயமின்றி அறிதல். தோட்டங்களில் ஒரே பெயருடையோர் பலர். ஒரு லயத்திலேயே இரண்டு லெட்சுமி இருப்பர். தந்தையின் பெயரும் ஒன்றாய் அமைந்துவிடுவதுண்டு. இந்நிலையில், "நீங்கள்தானே லெட்சுமி?" என்று கேட்பது பெரும் பிழை. நம் மக்கள், சிறப்பாக முதியோர், உத்தியோகத்தர் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லிப் பழகியவர்கள். காதில் சரியாக விழாவிட்டாலும், மொழி புரியாவிட்டாலும், மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவார்கள். ஆதலால், "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்து, கையிலுள்ள படிவத்தோடு ஒப்பு நோக்க வேண்டும். குழாயின் மீது பெயர் எழுதுவதும் நோயாளி எதிரில் இருக்கும்போதே முடிய வேண்டும். பத்துப் பேரிடம் எடுத்துவிட்டுப் பின்னர் மேசையில் அமர்ந்து எழுதலாம் என்பவர், பத்து உயிர்களோடு விளையாடுகிறார். 1901ஆம் ஆண்டு கார்ல் லான்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஒருவகைக் குருதியை ஒவ்வாத வகையினருக்கு ஏற்றினால் உயிரே போகக்கூடும் என்பதை அதன் பின்னர் வைத்திய உலகம் தெளிவாக உணர்ந்தது. அத்தகைய பெருந்துன்பத்துக்கு ஒரு சிறு பெயர்த்துண்டு மாறியதே போதும்.

இரண்டாவது கடன், ஏன் எடுக்கிறோம் என்பதைச் சொல்லி இசைவு பெறுதல். "கொஞ்சநஞ்சம் இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சிவிடுகிறார்கள்" என்னும் அச்சம் நம்மிடையே இன்னும் உண்டு. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் குருதி ஓடுகிறது. சாதாரண ஆய்வுக் குழாய் ஒன்றுக்கு வேண்டுவதோ சில மில்லிலீற்றரே. இதனை எடுத்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர், நோயாளியின் நம்பிக்கையைச் செலவு செய்கிறார். சொல்லும் சொல்லும் கேட்பவர் மொழியில் இருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. சட்டத்தில் உள்ள அவ்வுரிமை, ஊசி முனைக்கு எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணின் காதுக்கும் எட்டவேண்டும் அன்றோ?

சொல்லாமல் எடுத்த குருதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், மாணவியாயிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி சேகரித்தார். கையுறையும் இன்றி எடுத்து, தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே அவற்றைப் பாதுகாத்தார். வேலூரில் நடந்த சோதனையில், இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி பரவியிருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. நாடு விழித்துக்கொள்ள உதவிய அரும்பணி அது. அந்த இளம் மருத்துவரின் துணிவைப் போற்றாமல் இருக்க இயலாது. ஆயினும், எந்த நோயைத் தேடுகிறோம் என்பதை அப்பெண்களிடம் தாம் சொல்லவில்லை என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். நாட்டுக்கு நன்மை கிட்டியது. குருதி தந்தவர்களோ தாம் தந்தது எதற்கென அறியாதிருந்தனர். நல்ல நோக்கம் இருந்தாலும் இக்கடன் தானே தீர்ந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்காவில், கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினர், தம்மிடையே மிகுந்திருந்த நீரிழிவு நோய்க்கு விடை கிடைக்கும் என நம்பி, 1990ஆம் ஆண்டு முதலாக ஆராய்ச்சியாளர்களுக்குக் குருதி கொடுத்தனர். அக்குருதி வேறு ஆராய்ச்சிகளுக்கும் பயன்பட்டதை அவர்கள் பின்னர் அறிந்து வழக்குத் தொடுத்தனர். 2010ஆம் ஆண்டு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கங் கண்டது. எஞ்சியிருந்த குருதியும் அம்மக்களிடமே மீண்டது. கடன் என்று நான் சொன்னது வெறும் உவமை அன்று என்பதை இச்செய்தி காட்டும்.

மூன்றாவது கடன், கை நேர்த்தி. கையைக் கழுவுதல், தோலை மதுசாரத்தால் துடைத்து உலரவிடுதல், கட்டிய பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக வைக்காதிருத்தல், ஊசியை எடுக்குமுன் பட்டியைத் தளர்த்துதல் என்பன சின்னஞ்சிறு விதிகளாகத் தோன்றும். ஆனால், எடுத்த குழாயை முரட்டுத்தனமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொற்றாசியம் வெளியே கசியும். ஆய்வுகூடம் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். பொய் விடையைத் திருத்த மீண்டும் ஒருமுறை ஊசி. தோட்டத் தொழிலாளிக்கு மீண்டும் ஒருநாட் பயணம், ஒருநாட் பேர் இழப்பு. இரண்டு முறை முயன்றும் நரம்பு அகப்படாவிடின், கூச்சமின்றிக் கைதேர்ந்த மற்றொருவரை அழைப்பதே நேர்மை. "என்னால் முடியவில்லை" என்று சொல்லத் தெரிவதும் தொழிற்றிறனின் ஒரு பகுதியே.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடலாகாது. உடனே தடித்த பெட்டியில் இடவேண்டும். குப்பையில் எறிந்த ஊசி, மறுநாட் காலையில் அதனை அள்ளும் துப்புரவுத் தொழிலாளியின் கையிற் குத்தும். அவருக்கு அந்த ஊசி யாருடையது என்றுகூடத் தெரியாது. எச்.ஐ.வி. கிருமி கலந்த ஊசி குத்தினால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கவேண்டும். ஊசி குத்திய செய்தியை மறைப்பவர் இக்காலத்தை வீணே கழித்துவிடுகிறார். ஆகவே தமக்கு நேர்ந்ததையும் அறிவிப்பது ஒழுக்கமே. அறிவித்தவரைக் கடிந்துகொள்ளாதிருப்பது மேலாளரின் ஒழுக்கம்.

நான்காவது கடன், விடையை உரியவரிடம் சேர்த்தலும் பிறரிடம் காத்தலும். லயத்து வாழ்வில் சுவர்கள் மெல்லியவை. ஒரு காம்பராவில் இருமினால் மறு காம்பராவில் கேட்கும். அங்கே ஒரு பெண்ணின் கருவைப் பற்றியோ, ஓர் இளைஞனின் நோயைப் பற்றியோ வெளியே சிந்திய ஒரு சொல், மாலைக்குள் தோட்டம் முழுதும் சுற்றிவரும். கலியாணப் பேச்சு நின்றுபோகும். தண்ணீர்க் குழாயடியில் முகம் திரும்பும். வரிசையில் நிற்போர் காதில் விழும்படி பெயரையும் நோயையும் கூவுவது, ஊசியைக் காட்டிலும் ஆழமாகக் குத்தும். நெருங்கிய உறவினர் கேட்டாலும், தோட்டத்துப் பெரியவர்கள் கேட்டாலும், அவர் இசைவின்றி உரைக்கலாகாது.

இக்கடன்கள் ஒழுங்காகத் தீர்க்கப்படும்போது விளையும் நன்மையை இந்நாடே கண்டிருக்கிறது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்றது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே என்னும் நிலை வந்தது. வெற்றி கிட்டியதென்று கண்காணிப்பு தளர்ந்ததும் நோய் மீண்டும் பெருகி, அவ்வாண்டுகளின் இறுதியில் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. பின்னர் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர் ஊர் ஊராகச் சென்று விரல் நுனியிற் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ஏந்தி, நுண்ணோக்கியில் தேடினார்கள். மொணராகலை, வெல்லவாயா முதலான ஊவாவின் தாழ்நிலங்களிலும் இப்பணி நடந்தது. அவ்வாறு நீட்டப்பட்ட விரல்களிற் பெரும்பாலானவற்றில் நோயே இல்லை. தமக்கு நோயில்லாதவரும் பிறர் நலத்துக்காக விரல் நீட்டினர். 2012ஆம் ஆண்டின் பின் உள்நாட்டில் மலேரியாத் தொற்று அற்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அந்த வெற்றியில் மருந்துக்குப் பங்குண்டு. கதவு தட்டியவரை நம்பித் திறந்த மக்களுக்கும் பங்குண்டு.

எங்கள் மலைப் பள்ளிகளிற் பயின்றோர் சிலர் இன்று தாதியராகவும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவும் பணிபுரிகின்றனர். இன்னும் பலர் அப்பணியை நாடுகின்றனர். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. நரம்பைக் கண்டு ஊசி ஏற்றும் வித்தையைச் சில திங்களிற் கற்றுவிடலாம். தியத்தலாவையிலோ பதுளையிலோ நீங்கள் கடமை பார்க்கும் நாளில், கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய ஒரு கை உங்கள் முன் நீளும். அக்கைக்குரியவர் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, அன்றைய பேரை இழந்து வந்தவர். அவர் பெயரை அவர் வாயாற் கேளுங்கள். காரணத்தை அவர் மொழியிற் சொல்லுங்கள். எடுத்ததைப் பேணுங்கள். விடை வந்ததும் வைத்தியர் வாயால் அவர் அதனை விளங்கிக்கொண்டாரா என்று பாருங்கள். அவர் விரும்பினாலன்றி அத்துண்டு வாத்தியார் கைக்கு வரவேண்டிய தேவையே இராது.