ஒளியை எழுதிய ஓவியம்



குன்னூருக்கு அருகிலுள்ள ஜெகதளாவில், ஐப்பசி மாதத்துக் காலையொன்றில் மூடுபனி கவிந்திருக்கும்போது நின்று பாருங்கள். தேயிலைச் சரிவு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாது. பனியின் நடுவே சிவந்த கதிர்வட்டம் ஒன்றே தெரியும். இக்காட்சியை வரையச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? முதலில் மலையின் விளிம்பைக் கோடிட்டு விடுவோம். அது கண் கண்ட கோடு அன்று. மனம் அறிந்திருந்த கோடு.

நாம் மலையில் காணும் இத்தகைய பனியைக் கடல்மேல் கண்டு, அந்தக் கோட்டை இடாமலே விட்டவர் குளோட் மோனே என்னும் பிரெஞ்சு ஓவியர். லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலை, 1872ஆம் ஆண்டில், சாளரத்தின் வழியே நோக்கி அவர் எழுதினார். 48 சென்டிமீட்டர் உயரமும் 63 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறிய படம் அது. கப்பல்களின் பாய்மரங்களும் புகைபோக்கிகளும் நீலச் சாம்பல் நிறத்தில் கரைந்து நிற்கின்றன. முன்னே கரிய நிழலாய்ப் படகுகள். நீரிலே செம்மஞ்சள் தீற்றல்கள். மேலே சிறு கதிரவன். 'மனப்பதிவு: சூரிய உதயம்' என்று அதற்குப் பெயரிட்டார்.

1874இல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்ட லூயி லெருவா என்னும் விமரிசகர், முற்றுப்பெறாத படம் என்று எள்ளி நகையாடினார். அவர் ஏளனமாகக் கையாண்ட 'மனப்பதிவு' என்ற சொல்லே அவ்வோவியர் கூட்டத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது!

முற்றுப்பெறாத படமா அது? ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால், எரிவதுபோல் தோன்றிய கதிரவன் ஏறக்குறைய மறைந்தே போகிறான். காரணம் என்ன? அவனுக்கும் சூழ்ந்துள்ள வானத்துக்கும் வெளிச்சத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றே. நிறம் மட்டுமே வேறு. நீலத்துக்கு எதிர்நிறமாகிய செம்மஞ்சளை அருகே வைத்ததனால்தான் அவன் சுடர்கிறான். மூளையில் வெளிச்சத்தை அறியும் பகுதி நிறத்தை அறியாது. அதற்கு இக்கதிரவன் புலப்படுவதே அரிது. நிறத்தை அறியும் பகுதிக்கோ அவன் தெளிவாகத் தெரிகிறான். இம்முரணால்தான் அவன் துடிப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறான் என்று மார்கரெட் லிவிங்ஸ்டன் என்னும் அமெரிக்க நரம்பியல் அறிஞர் விளக்கியுள்ளார்.

இவ்விளக்கம் மோனேவின் காலத்தில் இல்லை. கண் கண்டதை நம்பும் துணிவு மட்டுமே அவரிடம் இருந்தது. ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பனி இறங்கும்போது பென்சிலை எடுக்க விரையாதீர்கள். முதலில் பாருங்கள். தெரியாத விளிம்பைத் தெரியாததாகவே விட்டுவிடுங்கள். நீங்கள் உண்மையாகக் கண்ட காலை அப்போதுதான் தாளில் விடியும்.